சாவி போட்டால் ஒரு விளக்கும் எரியாத பழைய கார்: கரண்ட் எங்கே நிற்கிறது?

கார் செகண்ட் ஹேண்ட். சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட வரவில்லை, ஹாரன் அடிக்கவில்லை, ரிமோட்டுக்குக் கதவு திறக்கவில்லை. உடனே புதுப் பேட்டரி வாங்கிப் போடுவதுதான் வழக்கம். சில நேரம் அதோடு பிரச்சினை தீர்ந்தும் விடும். ஆனால் பலர் கை மாறிய வண்டியில் பேட்டரியைத் தாண்டிச் சந்தேகப்பட நிறைய இடம் உண்டு: பொருந்தாத கிளாம்ப், பெயின்ட் மேல் முடுக்கிய எர்த் வயர், பியூஸுக்குப் பதிலாகச் செருகிய கம்பி, யாரோ மறைத்து வைத்த கட்-ஆஃப் சுவிட்ச். புதுப் பேட்டரியை நான்காயிரம், ஐயாயிரம் கொடுத்து மாட்டிய பிறகும் வண்டி அப்படியே நின்றால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பேட்டரியிலிருந்து புறப்படும் கரண்ட் போகும் பாதையிலேயே ஒவ்வொரு இடமாகப் போய், எந்த இடத்தில் நின்றுவிட்டது என்று பாருங்கள். ஊகத்துக்கு வேலை இல்லை.

வேண்டிய சாமான் கொஞ்சம்தான். ஒரு சாதாரண மல்டிமீட்டர், 10 மி.மீ. ஸ்பேனர், உப்புத்தாள், ஜம்ப் கேபிள் ஒரு செட். இவற்றோடு ஒரு டெஸ்ட் லேம்ப்: இன்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பை ஹோல்டரில் மாட்டி, இரண்டு நீள வயர் இழுத்து, முனைகளில் கிளிப் வைத்துக்கொண்டால் போதும். மீட்டர் இருக்கும்போது பல்பு எதற்கு? நூறு இழையில் தொண்ணூற்றொன்பது அறுந்த வயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் அது இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. 21 வாட் பல்பு ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். உள்ளே அழுகிய வயரில் அது மங்கும், அல்லது எரியவே எரியாது.

முதலில் அறிகுறியைப் பிரித்துப் பாருங்கள்

'கரண்ட் இல்லை' என்று சொல்லி வரும் வண்டிகள் உண்மையில் மூன்று விதம். முதலாவது, முழுச் சாவு: எதுவும் எரியாது. இரண்டாவது, விளக்குகள் மங்கலாக எரியும். சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்பினால் 'டக் டக் டக்' என்று அடித்துக்கொண்டு அணையும். இது பெரும்பாலும் சார்ஜ் இறங்கிய பேட்டரி. மூன்றாவதுதான் ஆளை ஏமாற்றும்: எல்லா விளக்கும் பளிச்சென்று எரியும், ஸ்டார்ட் கொடுத்த கணத்தில் மொத்தமும் செத்துவிடும், பானெட்டைத் திறந்து எதையோ ஆட்டினால் உயிர் வரும். இதைக் கண்டால் பேட்டரியை விடுங்கள்; டெர்மினலிலோ எர்த்திலோ இணைப்பு லூஸ்.

பானெட்டைத் திறக்குமுன் சாவி இல்லாமலே வேலை செய்பவற்றைப் பாருங்கள். ஹசார்டு விளக்கு, காருக்குள் எரியும் விளக்கு, பெரும்பாலான வண்டிகளில் ஹாரன் ஆகியவை பேட்டரியிலிருந்து நேராக வருபவை. இவை வேலை செய்து, சாவி போட்டால் வரவேண்டிய டேஷ்போர்டு, வைப்பர், பவர் விண்டோ மட்டும் செத்திருந்தால் கோளாறு இக்னிஷன் சுவிட்சிலோ அதற்கு வரும் பியூஸிலோ. எல்லாமே செத்திருந்தால் பேட்டரியிலோ, அதற்கும் பியூஸ் பெட்டிக்கும் நடுவிலோ. இந்த ஒரு நிமிடச் சோதனை பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

ரிமோட் செத்த வண்டியில் கதவைச் சாவியால் திறக்க வேண்டியிருக்கும். ஸ்மார்ட் கீ என்றால் அதன் உள்ளேயே ஒரு சின்ன உலோகச் சாவி செருகியிருக்கும். பழைய வண்டியை வாங்கும்போதே அது இருக்கிறதா, கதவுப் பூட்டில் சுற்றுகிறதா என்று பார்த்து வைப்பது நல்லது. பல வருடம் தொடாத பூட்டு துருப்பிடித்து இறுகியிருக்கும்.

பேட்டரி

மீட்டரை டிசி 20 வோல்ட் அளவில் வைத்து, முனைகளைப் பேட்டரியின் ஈயக் கம்பத்தின் மேலேயே அழுத்துங்கள். அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப் மேல் வைக்காதீர்கள், அது அடுத்த சோதனை. வண்டி சில மணி நேரம் நின்றிருந்தால் 12.6 வோல்ட் முழுச் சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால் பங்கு. 11.8-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். சார்ஜரில் ராத்திரி முழுக்கக் கிடந்த பிறகும் 10.5 பக்கத்திலேயே நிற்கிறதா? உள்ளே இருக்கும் ஆறு செல்லில் ஒன்று ஷார்ட். ஒரு செல் 2.1 வோல்ட், கணக்கு சரியாக இருக்கும். அதை எத்தனை முறை சார்ஜ் போட்டாலும் பிழைக்காது.

12.6 இருப்பதாலேயே பேட்டரி நல்லது என்று ஆகிவிடாது. ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு மறுபடி பாருங்கள். 12-க்குக் கீழே வேகமாக இறங்கினால் அதற்குத் திராணி இல்லை. செல்ஃப் (எஞ்சினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் மோட்டார்) சுற்றும் நிலையில் இருந்தால் சுற்றும்போதே ஒருவர் மீட்டரைப் பார்க்கட்டும். நல்ல பேட்டரி 9.6 வோல்ட்டுக்கு மேல் தாங்கும். சின்ன பெட்ரோல் எஞ்சினின் செல்ஃப் மோட்டார் 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும், டீசல் அதற்கும் மேல்.

மீட்டர் சிவப்பு முனை பாசிட்டிவில் இருந்தும் கழித்தல் குறி காட்டினால் நிறுத்துங்கள். முழுதாகக் காலியான பேட்டரியைச் சார்ஜரில் பாசிட்டிவ், நெகட்டிவ் மாற்றி மாட்டினால் அது தலைகீழாகச் சார்ஜ் ஏறிவிடும். அதை வண்டியில் மாட்டினால், வண்டி ஓடும்போது சார்ஜ் போடும் டைனமோவின் டயோடும், எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியுவும் போகும்.

சில பேட்டரிகளின் மேலே பச்சையாகத் தெரியும் 'கண்' ஆறில் ஒரு செல்லின் நிலையை மட்டுமே சொல்லும். அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். ஸ்பேனர் பாடியில் இடித்தாலும் ஷார்ட் ஆகாமல் இருக்கத்தான் இந்த வரிசை. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி, தீப்பொறி கூடாது.

டெர்மினல்: பழைய வண்டியின் முதல் குற்றவாளி

வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் டெர்மினலை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத கோளாறு இன்னொன்று உண்டு: கம்பமும் கிளாம்பும் ஒன்றுக்கொன்று பொருந்தாதது. ஜப்பான் அளவுப் பேட்டரிகளில் மெலிசுக் கம்பம் உண்டு. பாசிட்டிவ் அடிப்பகுதி 14.7 மி.மீ., நெகட்டிவ் 13 மி.மீ. தடிமன் கம்பத்தில் அவை 19.5, 17.9. முந்தைய ஓனர் அவசரத்துக்குக் கிடைத்த பேட்டரியை வாங்கியிருப்பார். தடிமன் கம்பத்துக்கான கிளாம்ப் மெலிசுக் கம்பத்தில் ஆடும். இடுக்கில் ஆணியையோ மடித்த தகரத்தையோ செருகியிருப்பார்கள். விளக்கு எரிய அது போதும். செல்ஃப் இழுக்கும் 150 ஆம்பியர் அந்த ஒரு ஆணி தொடும் முனை வழியே போக முடியாமல் சூடாகி, கறுத்து, ஒரு நாள் மொத்தமாகத் தொடர்பு விட்டுப்போகும். இதற்கென்று ஈய வளையம் கடையில் கிடைக்கிறது. அதைப் போடுங்கள், அல்லது சரியான கிளாம்ப் மாற்றுங்கள். ஆணிக்கு வேலை வேண்டாம்.

கையால் திருகிப் பாருங்கள். கிளாம்ப் ஒரு இம்மி சுற்றினாலும் அது லூஸ்தான்.

கண்ணை நம்பாமல் அளக்கும் வழி இது. ஹெட்லைட் சுவிட்சைப் போட்டுவிட்டு மீட்டரின் ஒரு முனையைக் கம்பத்திலும் மறு முனையை அதே பக்கத்துக் கிளாம்பிலும் வையுங்கள். நல்ல இணைப்பு என்றால் பூஜ்யம் பக்கத்தில் காட்டும். 12 வோல்ட் காட்டினால் கரண்ட் அந்த இடுக்கைத் தாண்டவே இல்லை. கோளாறு கையில் அகப்பட்டது. இரண்டு பக்கமும் பாருங்கள்.

சுத்தம் செய்ய வெந்நீரில் சமையல் சோடா கலந்து ஊற்றினால் பூத்தது நுரைத்துக் கரையும். பேட்டரி மூடித் துளைக்குள் மட்டும் அது போகக் கூடாது. கம்பத்தையும் கிளாம்பின் உள்பக்கத்தையும் ஈயம் பளபளக்கும் வரை உப்புத்தாளால் தேயுங்கள். வாசலினை முடுக்கிய பிறகு மேலே தடவுங்கள், முன்னால் அல்ல. கிளாம்பிலிருந்து புறப்படும் கேபிளைப் பிடித்து வளைத்தும் பாருங்கள். உறைக்குள் பச்சைப் பொடி நெறநெறத்தால் அந்தக் கேபிள் செத்தது.

எர்த்

நெகட்டிவ் கேபிள் இரண்டு இடத்துக்குப் போகும்: ஒன்று பாடிக்கு, ஒன்று எஞ்சினுக்கோ கியர்பாக்ஸுக்கோ. பாடி எர்த் போனால் விளக்கெல்லாம் சாகும். எஞ்சின் எர்த் போனால் விளக்கு எரியும், செல்ஃப் எடுக்காது. கிளட்ச் மாற்றியபோதோ கியர்பாக்ஸ் இறக்கியபோதோ மெக்கானிக் அந்த எர்த் பட்டையை மறுபடி மாட்ட மறந்திருப்பார். பழைய வண்டியில் இது அடிக்கடி காணக் கிடைப்பது. எர்த் இல்லாத எஞ்சினின் கரண்ட் திரும்ப வேறு வழி தேடும், ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் என்று. ஸ்டார்ட் கொடுக்கும்போது அந்தக் கேபிள் சுட்டால் வேறு ஆதாரம் வேண்டாம்.

சோதனை எளிது. ஜம்ப் கேபிளில் ஒன்றை எடுத்துப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலிருந்து எஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் மாட்டுங்கள். இப்போது செல்ஃப் எடுத்தால் எஞ்சின் எர்த்தான் கோளாறு. அதே கேபிளைப் பாடி போல்ட்டுக்கு மாற்றி விளக்கு வந்தால் பாடி எர்த். மீட்டரால் அளப்பதானால் செல்ஃப் சுற்றும்போது நெகட்டிவ் கம்பத்துக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. பாசிட்டிவ் கம்பத்திலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரை 0.5 வரை பொறுக்கலாம். பட்டறையில் டிங்கரிங், பெயின்ட் ஆன வண்டியில் எர்த் போல்ட்டின் அடியில் பெயின்ட் இருக்கும். சுரண்டி உலோகம் தெரிந்த பிறகு முடுக்குங்கள்.

மெயின் பியூஸ்

பேட்டரி, டெர்மினல், எர்த் மூன்றும் சரி, இன்னும் இருட்டு என்றால் மெயின் பியூஸ். பாசிட்டிவ் கிளாம்ப் மேலேயோ எஞ்சின் பக்கத்துப் பியூஸ் பெட்டிக்குள்ளோ 60 முதல் 120 ஆம்பியர் வரை எழுதிய பெரிய பியூஸ் இருக்கும். பெரும்பாலும் நட் போட்டு இறுக்கியிருக்கும், பிடுங்கினால் வராது. டெஸ்ட் லேம்ப்பின் ஒரு முனை நெகட்டிவில். மறு முனையைப் பியூஸின் இரண்டு பக்கமும் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் எரியாவிட்டால் பியூஸ் போயிற்று. மேலே கண்ணாடி வழியாகப் பார்த்து 'நல்லா இருக்கு' என்று சொல்லாதீர்கள். மயிரிழை விரிசல் தெரியாது.

இந்தப் பியூஸ் சும்மா போகாது. ஜம்ப் கொடுக்கும்போது சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கலாம். பேட்டரியில் எல், ஆர் என்று பாசிட்டிவ் இருக்கும் பக்கம் பார்த்து இரண்டு வகை உண்டு. தப்பான வகையை வாங்கிக் கேபிளை இழுத்து மாற்றி மாட்டியிருக்கலாம். டைனமோவின் டயோடு ஷார்ட் ஆகியிருக்கலாம். அல்லது செல்ஃப் கேபிள் எங்கோ உரசித் தோல் உரிந்திருக்கலாம்.

எனவே புதுப் பியூஸ் போடுமுன், சாவி ஆஃபில், கதவுகள் மூடிய நிலையில், பியூஸ் இருந்த இடத்தின் இரண்டு முனைக்கும் நடுவில் அந்த 21 வாட் பல்பை மாட்டுங்கள். லேசாக மினுக்கி அணைந்தால் பரவாயில்லை. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். நெகட்டிவைக் கழற்றி, டைனமோவின் பெரிய போல்ட்டில் இருக்கும் வயரைப் பிரித்து முனையில் டேப் சுற்றி, மறுபடி நெகட்டிவை மாட்டுங்கள். பல்பு அணைந்தால் டைனமோதான். இப்படிப் பார்க்காமல் போட்ட பியூஸ் மாட்டிய நொடியில் போகும்.

அதே ஆம்பியர் பியூஸ் கிடைக்கவில்லை என்று கம்பியைச் சுற்றி வைக்கவே கூடாது. ஏற்கெனவே அப்படிச் சுற்றியிருந்தால், அந்த வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்பது நல்லதுக்குத்தான்.

சாவிச் சுவிட்சும் மறைந்திருக்கும் சுவிட்சும்

ஹசார்டு எரிகிறது, சாவி போட்டால் ஒன்றுமில்லை என்றால் ஸ்டியரிங் அடியில் இருக்கும் கவரைக் கழற்றுங்கள். சாவி சுற்றும் பூட்டு வேறு, அதன் பின்னால் மாட்டியிருக்கும் மின் சுவிட்ச் வேறு. அதற்கு வரும் தடி வயர்களில் ஒன்றில் எப்போதும் 12 வோல்ட் இருக்க வேண்டும். சாவியை ஒவ்வொரு நிலைக்கும் திருப்பும்போது மற்ற வயர்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற வேண்டும். வருகிற வயரில் பல்பு எரிந்து போகிற எதிலும் எரியாவிட்டால் சுவிட்ச் போயிற்று. பிளாஸ்டிக் சாக்கெட் உருகிப் பழுப்பேறியிருந்தால் சுவிட்சோடு சாக்கெட்டையும் மாற்றுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் ஸ்டியரிங் பக்கத்து மஞ்சள் சாக்கெட்டுகளைத் தொட வேண்டாம். அதில் டெஸ்ட் லேம்ப் வைப்பது ஏர்பேக் வெடிக்கக் காரணமாகலாம்.

இங்கேதான் முந்தைய ஓனர்களின் கைவண்ணம் தெரியும். அலாரம், ரிமோட் லாக், பெரிய ஸ்டீரியோ என எல்லாமே இந்த வயர்களை வெட்டித்தான் ஒட்டுப் போட்டிருப்பார்கள். டேப் சுற்றிய முறுக்கு ஒவ்வொன்றையும் பிரித்துப் பாருங்கள். திருட்டுக்குப் பயந்து சீட் அடியிலோ டேஷ்போர்டு கீழேயோ கட்-ஆஃப் சுவிட்ச் வைப்பவர்கள் உண்டு. விற்றவரைக் கேட்டால் ஒரு போனில் முடிகிற விஷயம். தவணையில் ஓடிய வண்டி என்றால் பைனான்ஸ்காரர் வைத்த ஜிபிஎஸ் கருவியும் அதோடு இக்னிஷனை வெட்டும் ரிலேவும் இருக்கலாம்.

எலி வேறு. வைப்பர் மோட்டார் அடியிலும் கியர்பாக்ஸ் மேலும் கடித்த வயரும் புழுக்கையும் கண்டால் கடித்த இடம் அது ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள்.

விளக்கெல்லாம் நன்றாக இருந்து செல்ஃப் மட்டும் எடுக்காவிட்டால் அது வேறு கதை. சுருக்கமாக: கிளட்ச் பெடலை முழுக்க மிதித்துப் பாருங்கள், பல வண்டிகளில் அதில் ஒரு சுவிட்ச் உண்டு. ஆட்டோமேட்டிக் என்றால் நியூட்ரலில் முயலுங்கள். ஸ்டார்ட் ரிலேயை அதே எண் போட்ட இன்னொரு ரிலேயோடு மாற்றிப் பாருங்கள். டேஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ மின்னினால் இம்மொபிலைசர், அதாவது சாவியை அடையாளம் தெரியாவிட்டால் எஞ்சினை ஓடவிடாத பூட்டு. அடுத்த சாவியால் முயலுங்கள்.

ஜம்ப் கொடுப்பது

சிவப்பு, செத்த வண்டியின் பாசிட்டிவுக்கு. சிவப்பின் மறுமுனை, நல்ல வண்டியின் பாசிட்டிவுக்கு. கறுப்பு, நல்ல வண்டியின் நெகட்டிவுக்கு. கடைசி முனை, செத்த வண்டியின் எஞ்சின் உலோகத்துக்கு. பேட்டரிக்குப் பக்கத்தில் பொறி வராமல் இருக்க இப்படி. புதிய வண்டிகளில் நெகட்டிவ் கிளாம்ப்போடு ஒரு சென்சார் இருக்கும், அதன் மேல் கிளிப் மாட்டாமல் இருக்கவும் இதுவே வழி. நல்ல வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு முயலுங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வது முழுக்கக் காலியான பேட்டரிக்கு உதவாது: இன்ஜெக்ஷன் வண்டியில் இசியுவுக்கும் பெட்ரோல் பம்புக்கும் கரண்ட் வேண்டும்.

ஓடிய பிறகு

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் டைனமோ சரி. 12.5-லேயே நின்றால் டைனமோ சார்ஜ் போடவில்லை, பேட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை. 15-ஐத் தாண்டினால் சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்ப் பேட்டரி கொதித்து நீர் வற்றும். சில புதிய வண்டிகள் எரிபொருள் மிச்சத்துக்காக வேண்டுமென்றே சார்ஜைக் குறைக்கும். அவற்றில் ஹெட்லைட்டும் ஏசியும் போட்டு அளந்தால்தான் சரியாகத் தெரியும்.

சார்ஜும் சரி, பேட்டரியும் சரி, ஆனால் இரண்டு நாள் நின்றால் மறுபடி செத்துவிடுகிறது என்றால் எதுவோ திருட்டுத்தனமாகக் கரண்ட் குடிக்கிறது. நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கம்பத்துக்கும் கேபிளுக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடராக மாட்டுங்கள். மீட்டர் இருக்கும்போது சாவியைத் தொடாதீர்கள், மீட்டரின் பியூஸ் போய்விடும். திறந்த கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி வையுங்கள். பூட்டிவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்க அவ்வளவு நேரம் ஆகும். பிறகு 20 முதல் 50 மில்லி ஆம்பியர் இயல்பு. 500 காட்டினால் 45 ஆம்பியர்-மணிப் பேட்டரி நான்கே நாளில் முழுக்கக் காலி, செல்ஃப் எடுக்காத நிலை அதற்கு முன்பே வந்துவிடும். பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறது என்று பாருங்கள். ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர், டேஷ்கேம், ஜிபிஎஸ், டிக்கி விளக்கு ஆகியவை வழக்கமான ஆட்கள். எந்தப் பியூஸுக்கும் அசையாவிட்டால் டைனமோ டயோடு கசிகிறதா என்று அதன் வயரைப் பிரித்துப் பாருங்கள்.

ஒரு இடத்தைச் சரிசெய்தால் அடுத்த வாரம் இன்னொரு இடம் சாகிறது என்று தொடர்ந்தால் கார்ப்பெட்டைத் தூக்கிவிடுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. அதே 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடியிலும். வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கழுவி மெருகேற்றி விற்பது புதிதல்ல. சீட் தண்டவாளத்தில் துரு, பியூஸ் பெட்டி மூலையில் வண்டல், சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் அடியில் கறை, சாக்கெட்டைப் பிரித்தால் பச்சையேறிய பின்கள்: இவற்றில் இரண்டு இருந்தாலே போதும். செம்பு இழையின் உள்ளே ஏறிய ஈரம் உறைக்குள் வருடக்கணக்கில் அரிக்கும். அந்த நிலையில் ஒட்டுப் போடுவது காசுக்குக் கேடு. வயரிங் செட் முழுவதும் மாற்ற ஆகும் செலவை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் எழுதி வாங்கி, வண்டி விலையோடு வைத்துப் பார்த்து முடிவெடுங்கள். இன்னும் வாங்கவில்லை என்றால் வேறு வண்டி பாருங்கள்.